‘கன்டெம்ப்ட்’ என்றால் வெறுப்பா, அவமதிப்பா?

டர்பனில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமாவுக்கு 2021ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம் 15 மாதச் சிறைத்தண்டனை விதித்த தீர்ப்பை வகுப்பில் படித்தபோது, அதில் வரும் ‘கன்டெம்ப்ட்’ என்ற சொல்லைத் தமிழில் வீட்டாருக்கு விளக்க முயன்று அவர் திணறியிருக்கிறார். அகராதி அதற்கு வெறுப்பு, இகழ்ச்சி, அவமதிப்பு என்று மூன்றையும் தருகிறது. இவற்றுள் எது சரி என்பது முதற் கேள்வி. இந்த ஒரே உணர்ச்சிக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள் என்பது இரண்டாவது. நம் முன்னோரை இந்நாட்டில் அழைத்த ‘கூலி’ என்ற வசைச்சொல் உண்மையிலேயே தமிழ்ச் சொல்தானா என்பது மூன்றாவது. நீதிமன்றங்களில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்ற முறையில், மூன்றையும் ஒரே இழையாகப் பிடித்து அவரை நோக்கியே பதில் சொல்கிறேன்.

வெறுப்பு என்பது சரியன்று. வெறுப்பவன் எதிரியை எடைபோட்டு, அஞ்சி, நினைத்துக்கொண்டே இருக்கிறான். ‘கன்டெம்ப்ட்’ அதற்கு நேர்மாறானது. எதிரில் இருப்பவரைக் கணக்கிலேயே சேர்க்காத மனநிலை அது. ‘தெம்னெரே’ என்ற இலத்தீன் வினைக்குப் பொருட்படுத்தாமல் விடுதல் என்று பொருள். அதன் முன் அழுத்தம் தரும் ஒட்டு ஒன்று சேர்ந்து ‘கொன்தெம்னெரே’ ஆகி, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. (ஆழ்ந்து நோக்குதலைக் குறிக்கும் ‘கான்டெம்ப்ளேட்’ என்ற சொல்லும் முயற்சியைக் குறிக்கும் ‘அட்டெம்ப்ட்’ என்ற சொல்லும் இதன் உறவினர் போலத் தோன்றினாலும், அவற்றின் குடும்பம் வேறு.) சூமாவின் வழக்கில் நீதிமன்றம் தண்டித்தது அவர் நீதிபதிகளை வெறுத்தாரா என்று பார்த்தல்ல, விசாரணை ஆணையத்தின் முன் வரவேண்டும் என்று அது இட்ட ஆணையை அவர் ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் விட்டார் என்பதற்காகவே தண்டித்தது. நீதிமன்றத்தை மனத்துக்குள் எவ்வளவு வெறுத்தாலும், அதன் ஆணைப்படி நடக்கும்வரை ஒருவர் மீது இந்தக் குற்றம் சாராது.

இந்த இடத்தில் தமிழின் ‘இகழ்ச்சி’ எனக்கு வியப்பூட்டும் சொல்லாகத் தெரிகிறது. இன்று அதைக் கேட்டவுடன் ஏளனப் பேச்சுத்தான் நினைவுக்கு வரும். ஆனால் திருக்குறளில் பொச்சாவாமை அதிகாரத்தில் ‘இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக’ என்று வள்ளுவர் சொல்லும்போது, அங்கே இகழ்ச்சி என்பது யாரையும் பழித்தல் அன்று. செய்யவேண்டியதைக் கருதாமல் அசட்டையாக விட்டுவிடுதல். மறதியும் அசட்டையும் ஏளனமும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன என்பதைத் தமிழும் இலத்தீனும் தனித்தனியே கண்டிருக்கின்றன. ஆகவே சொல்லின் ஆழத்தைப் பார்த்தால் ‘கன்டெம்ப்ட்’ என்பதற்கு மிக நெருங்கியது இகழ்ச்சிதான். சட்ட வழக்கில் நிலைத்துவிட்ட ‘நீதிமன்ற அவமதிப்பு’ என்பதிலும் குறையில்லை. ‘அவ’ என்ற வடமொழி ஒட்டுக்குக் கீழே என்று பொருள். மதிப்பது என்றால் அளந்து விலை வைப்பது. கீழாக விலை வைத்தல் என்பதே அவமதித்தல்.

அந்தக் ‘கீழே’ என்ற சொல்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்குக் கதவு திறக்கிறது. ஆங்கிலத்தின் ‘டிஸ்பைஸ்’ என்ற வினை, ‘தே’ என்ற கீழ்நோக்கும் ஒட்டும் ‘ஸ்பெசெரே’ என்ற பார்த்தல் வினையும் சேர்ந்த இலத்தீன் சொல்லிலிருந்து வருகிறது; மேலே நின்று கீழே பார்த்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். மரியாதையைக் குறிக்கும் ‘ரெஸ்பெக்ட்’ இதன் உடன்பிறப்பு. அது திரும்பிப் பார்த்தல், ஒருவரைக் கடந்து போய்விடாமல் இன்னொரு முறை நோக்குதல். ஐயத்தைக் குறிக்கும் ‘சஸ்பெக்ட்’ அடியிலிருந்து பார்த்தல். ஒரே கண், பார்க்கும் கோணம் மட்டுமே வேறு. ‘ஏறெடுத்தும் பார்க்கவில்லை’ என்று நாம் குறைப்படுவதும் ‘கண்ணெடுத்துப் பார்த்தார்’ என்று நெகிழ்வதும் இதே கணக்குத்தான்.

கண்ணோடு இகழ்ச்சி நிற்பதில்லை. முகம் முழுவதும் பரவுகிறது. செருக்கோடு பிறரை அலட்சியம் செய்பவரை ஆங்கிலம் ‘சூப்பர்சிலியஸ்’ என்கிறது. அதற்குள் இருப்பது புருவத்தைக் குறிக்கும் ‘சூப்பர்சிலியும்’ என்ற இலத்தீன் சொல். ஒற்றைப் புருவத்தை உயர்த்தி மேலும் கீழும் பார்க்கும் ஒரு கடைக்காரரை நீங்கள் டர்பனில் சந்தித்திருப்பீர்கள்; அந்தப் புருவம்தான் இது. ஏளனமாக முகம் சுளிப்பதைக் குறிக்கும் ‘ஸ்னீர்’ என்ற சொல்லின் பழைய ஆட்சி குதிரை மூக்கால் சீறுவதைக் குறித்தது. முகர்தல், தும்மல், குறட்டை, விலங்கின் மூக்கு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் பலவும் இதே ‘ஸ்ன்’ ஒலியில் தொடங்குவதைக் கவனித்தால், மூக்கைச் சுளிப்பது அந்த மொழியின் ஒலியிலேயே ஏறியிருப்பது புரியும். ‘ஸ்கார்ன்’ வேறு வகையானது. அது பழைய பிரெஞ்சின் வழியே வந்தாலும் மூலத்தில் ஜெர்மானியச் சொல். கேலி செய்து சிரித்தல் என்பதே அதன் முதற்பொருள். நகை பிறக்கும் நான்கு காரணங்களில் ‘எள்ளல்’ என்பதைத் தொல்காப்பியர் முதலில் வைத்திருக்கிறார் அல்லவா, ‘ஸ்கார்ன்’ அந்த எள்ளல்தான். மொழிபெயர்க்கும்போது இந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று வைத்தால் பிசகாது.

‘டிஸ்டெய்ன்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘திக்னுஸ்’ என்றால் தகுதியுள்ள என்று இலத்தீனில் பொருள். அதை மறுத்தால் தகுதியற்றதாகக் கருதி ஒதுக்குதல், அதுவே ‘டிஸ்டெய்ன்’. அதே ‘திக்னுஸ்’ மறுக்கப்படாமல் வளர்ந்தால் ‘டிக்னிடி’, அதாவது மாண்பு. இப்போது நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொருவருக்கும் உள்ளார்ந்த மாண்பு உண்டு, அந்த மாண்பு மதிக்கப்படவும் காக்கப்படவும் உரிமை உண்டு என்கிறது அது. ஆங்கில மூலத்தில் ‘டிக்னிடி’யும் ‘ரெஸ்பெக்ட்’டும் ஒரே வரியில் இருக்கின்றன. ‘டிஸ்டெய்ன்’, ‘டிஸ்பைஸ்’ என்ற இரண்டு இகழ்ச்சிச் சொற்களின் வேர்களையும் நேர்ப்படுத்தி எழுதிய வாக்கியம் போல இருக்கிறது அந்தப் பிரிவு. எழுதியவர்கள் வேர்ச்சொல் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு அது கண்ணில் படாமல் போகாது.

இதுவரை சொன்னவை உணர்ச்சியின் பெயர்கள். அந்த உணர்ச்சியோடு ஒருவரை நோக்கி வீசப்படும் பெயர்கள் வேறொரு கதை. அவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வசைகளே அல்ல. உழைப்பவரின், ஏழையின், ஊரில் ஒருவரின் சாதாரணப் பெயர்கள். தமிழ்த் திரைப்படத்தில் கத்தியோடு வரும் ‘வில்லன்’ மூலத்தில் யார் தெரியுமா? ‘வில்லா’ என்ற பண்ணை வீட்டைச் சார்ந்து உழுத குடியானவர். சிற்றூரைக் குறிக்கும் ‘வில்லேஜ்’ என்ற சொல்லும் அதே வீட்டில் பிறந்ததுதான். நிலப்பிரபு தன் பண்ணையாளைப் பார்த்த பார்வை அந்தச் சொல்லில் ஒட்டி, நாட்டுப்புறத்தான் என்றாகி, நாகரிகமற்றவன் என்றாகி, கடைசியில் கொடியவன் என்று முடிந்தது. முரடனைக் குறிக்கும் ‘சர்ல்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் அடிமையல்லாத எளிய குடிமகனைக் குறித்தது. வேடிக்கை என்னவென்றால், அரசர்கள் சூடிக்கொள்ளும் சார்லஸ் என்ற பெயர் அதன் நெருங்கிய உறவினர். ‘ரெட்ச்’ என்றால் இழிந்தவன். பழைய ஆங்கிலத்தில் நாடு கடத்தப்பட்டவன். அதே சொல் ஜெர்மன் மொழியில் ‘ரெக்கே’ என்று மாவீரனைக் குறிக்கிறது. வழி ஒன்றுதான், ஒரு மொழி அகதியாகப் பார்த்தது, இன்னொன்று வீரனாகப் பார்த்தது.

அயோக்கியன் என்று பொருள்படும் ‘நேவ்’ என்ற சொல் பழைய காலத்தில் பையன் என்று மட்டுமே பொருள்பட்டது. பையன், பின்னர் வேலைக்காரப் பையன், பின்னர் நம்பத்தகாதவன். சீட்டுக்கட்டில் இன்று ‘ஜாக்’ என்று சொல்லப்படும் சீட்டுக்கும் முன்பு அதுவே பெயர். நம் டர்பன் வீடுகளில் ஆடும் ‘தன்னி’ ஆட்டத்தில் அந்தப் பையன்தான் ராஜாவையும் ராணியையும் வெட்டும் உச்சச் சீட்டு என்பதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிப்புக்கு அப்பால், அறுபது வயதுத் தோட்டக்காரரை வெள்ளைக்கார வீட்டுச் சிறுவன்கூட ‘பாய்’ என்று கூப்பிட்ட நாடு இது. ஆங்கில மொழி பல நூற்றாண்டுகளில் ‘நேவ்’ என்ற சொல்லுக்குச் செய்ததை, இந்த நாடு ‘பாய்’ என்ற சொல்லுக்கு என் கண்முன்னே செய்தது.

‘பூர்’ என்ற சொல்லும் நமக்கு அண்டை வீட்டுக்காரர். பண்பு தெரியாத முரடரைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல், உழவரைக் குறிக்கும் டச்சு ‘புர்’ என்பதிலிருந்து வந்தது. ஆம், 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரோடு போரிட்ட போயர்களின் பெயர்தான் அது. ஒரு மக்கள் பெருமையோடு தமக்கு வைத்துக்கொண்ட பெயர், இன்னொருவர் மொழியில் பண்பற்றவன் என்று பொருள் தருகிறது. அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘நெய்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் இந்த வேரின் இனமே என்பதை ஆங்கிலேயர் மறந்துவிட்டனர்.

இந்தப் பின்னணியோடுதான் ‘கூலி’க்கு வரவேண்டும். ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞரிடையே இரண்டு கருத்துகள் உண்டு. குஜராத்துப் பகுதியின் கோலி என்ற மக்கட்பிரிவின் பெயரிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பது ஒன்று. தமிழின் கூலி என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் வழியில் கலந்திருக்கலாம் என்று அகராதிகள் இடம் விடுகின்றன. எப்படியிருந்தாலும், தமிழில் கூலி ஆளின் பெயர் அன்று. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர். ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று வள்ளுவர் அந்தச் சொல்லை வைத்த இடத்தை எண்ணிப் பாருங்கள்: தெய்வம் கைவிட்டாலும் உடல் வருந்திய முயற்சி தன் ஊதியத்தைத் தராமல் போகாது. தமிழில் இதைவிட உயர்ந்த இருக்கை ஒரு சொல்லுக்கு வாய்ப்பது அரிது. ஊதியத்தின் பெயரை ஆளுக்கு ஏற்றியபோதே பாதி இகழ்ச்சி நடந்துவிட்டது. நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற தொகையாக மனிதர் சுருங்கிவிட்டார்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவரை மட்டும் குறித்த சொல், சில ஆண்டுகளிலேயே இந்தியர் அனைவரையும் குறிக்கத் தொடங்கியது. போயர்கள் ஆண்ட டிரான்ஸ்வால் குடியரசின் 1885ஆம் ஆண்டு 3ஆம் எண் சட்டம் ‘கூலிகள் எனப்படுவோர், அரபியர், மலாய்க்காரர், துருக்கி ஆட்சிக்குட்பட்ட முகமதியர்’ என்று வரிசைப்படுத்தி, இவர்களுக்குக் குடியுரிமையும் நிலவுரிமையும் இல்லை என்றது. தெருவில் திட்டப் பயன்பட்ட சொல் சட்டத்தின் வாசகமாகிவிட்டது. இந்தியர் ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதிகளின் பெயரே ‘கூலி லொக்கேஷன்’. வழக்கறிஞராக வந்த காந்தியையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். நாள்கூலியே வாங்காத ஒருவருக்கு அந்தப் பெயர் ஒட்டியதிலிருந்து, சொல் தொழிலைக் கைவிட்டு இனத்தைப் பற்றிக்கொண்டது என்பது தெளிவு.

கூலி என்பதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு சொல் ‘சாமி’. ஆங்கில வாயில் ‘சேமி’. ராமசாமி, முத்துசாமி என்று முடியும் தமிழ்ப் பெயர்களின் வாலைப் பிடித்து, காய்கறி விற்கவரும் எந்த இந்தியரையும் அப்படி அழைத்தனர். ‘சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உங்கள் எசமான் அல்லவே’ என்று துணிச்சலுள்ள இந்தியர் சிலர் திருப்பிக் கொடுத்ததையும், அதைக் கேட்டுச் சில ஆங்கிலேயர் கூசியதையும், சிலர் கோபத்தில் அடிக்கவும் வந்ததையும் காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கு வைத்த பொதுப்பெயர் ‘மேரி’. என் ஆயா (இங்கே பாட்டியை நாம் அப்படித்தான் அழைக்கிறோம்) கூடையில் கீரையும் பச்சை மிளகாயும் சுமந்து வெள்ளைக்காரர் தெருக்களில் விற்றவர். சிறுவனாக ஒருநாள் அவருடன் போயிருந்தேன். பின்கட்டுக் கதவைத் திறந்த அம்மையார், என் ஆயாவின் முகத்தைப் பார்க்காமல் கூடையை மட்டும் பார்த்து, ‘மேரி, இன்றைக்கு என்ன இருக்கிறது?’ என்றார். திரும்பும் வழியில், ‘உன் பேரு அது இல்லையே ஆயா’ என்று கேட்டேன். ‘மாரியாத்தா பேரச் சொல்லத்தான் பாக்குறா, நாக்கு வரல, விடு’ என்றார் அவர். அந்த அம்மையாரின் குரலில் கோபமோ வெறுப்போ சிறிதும் இல்லை என்பது இப்போதும் நினைவிருக்கிறது. ‘கன்டெம்ப்ட்’ வெறுப்பன்று என்று நான் உறுதியாகச் சொல்வது அகராதியை மட்டும் நம்பியன்று.

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த இகழ்ச்சிச் சொல்லைப் பற்றிப் பேசும்போது, இன்னொன்றைச் சொல்லாமல் தாண்டிப் போவது நேர்மையாகாது. ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் ‘பரையா’ என்ற ஆங்கிலச் சொல், பறை என்ற தோற்கருவியோடு தொடர்புடைய பறையர் என்ற நம் சமூகப் பெயரிலிருந்து 17ஆம் நூற்றாண்டிலேயே சென்றது. இங்கே ஆங்கிலேயர் புதிதாக இகழ்ச்சி எதையும் சேர்க்கவில்லை. நம்மவரின் இகழ்ச்சியைக் கண்டு, பெயரோடு சேர்த்து அப்படியே எடுத்துப் போனார்கள். இனவொதுக்கல் ஆண்டுகளில் உலகச் செய்தித்தாள்கள் தென்னாப்பிரிக்காவையே ‘பரையா’ நாடு என்று எழுதியபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். எந்த மக்களின் பெயரைக்கொண்டு அந்த அரசு இகழப்படுகிறது என்று அப்போது நான் எண்ணவில்லை. அதன்பின் அந்தச் சொல்லை மொழிபெயர்க்க நேர்ந்த இடங்களில் ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்றே எழுதிவந்தேன்.

ஆப்பிரிக்க மக்களை நோக்கி வீசப்பட்ட, ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்தில் தொடங்கும் வசைச்சொல்லையும் நம் வீடுகளில் சிலர் கூசாமல் சொன்னதுண்டு. இறைமறுப்பாளர் என்று பொருள்படும் அரபுச் சொல் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் வாய்களில் உருண்டு, சமயப் பொருளை இழந்து, கறுப்பினத்தவருக்கான வசையாக மிஞ்சியது. கறுப்பினக் காவலர் ஒருவரை அச்சொல்லால் 48 முறை ஏசிய ஒரு பெண்ணுக்கு 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரான்ட்பர்க் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்து, அதில் ஓராண்டை நிறுத்திவைத்தது. குற்றத்தின் பெயர் ‘கிரிமென் இஞ்ஜூரியா’, அதாவது ஒருவரின் மாண்பை வேண்டுமென்றே கடுமையாகக் குலைத்தல். உங்கள் படிப்புக்கு இது பயன்படும்: நீதிமன்றத்தைப் பொருட்படுத்தாமல் விட்டால் ஒரு குற்றம், மனிதரைப் பொருட்படுத்தாமல் ஏசினால் வேறொரு குற்றம். இரண்டையும் தமிழில் அவமதிப்பு என்றே எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும். பின்னதை ‘மாண்புக் குலைப்பு’ என்று எழுதுவதே என் வழக்கம்.

இகழ்ச்சிப் பெயரைச் சிலர் எடுத்து அணிந்துகொண்டதும் உண்டு. மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி, ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தோர் அனைவரின் பட்டறிவையும் சேர்த்து ‘கூலிட்யூட்’ என்ற சொல்லை 1990களில் உருவாக்கினார். அதே தீவில் ‘கூலி காட்’ என்று வழங்கிய கப்பல்துறை, ‘ஆப்ரவாசி காட்’ என்று பெயர் மாறி 2006இல் உலக மரபுச் சின்னமானது. ஒருவர் சொல்லை வைத்துக்கொண்டார், மற்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஏற்புடையவையே. ஆனால் வெளியார் ஒருவர் அதை நம் முகத்துக்கு நேரே சொல்ல இவை அனுமதி ஆகா.

கடைசியாக, நீங்கள் இதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதி, அதில் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழாக்க நேர்ந்தால் ஒரு சிக்கல் வரும். வெறுமனே ‘கூலிகள்’ என்று எழுதினால், தமிழ் வாசகர் வேலையாட்கள் என்று மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார். அதில் ஏறியிருந்த இகழ்ச்சி அவர் காதில் விழாது. நல்வாய்ப்பாக அந்தச் சட்டமே ‘எனப்படுவோர்’ என்று சொல்கிறது. அதை விட்டுவிடாமல், மேற்கோள் குறியிட்டு, ‘கூலிகள்’ எனப்படுவோர் என்றே எழுதுங்கள். யாரால் அப்படி எனப்பட்டார்கள் என்பதை அடுத்த வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.